பிரிப்பதற்கு முன் பேப்பர்: வாங்கிய பொருளைச் சரிசெய்யும் உரிமை, டெல்டா வாசிகளுக்கு முழுமையான வழிகாட்டி

மேட்டூர் வழக்கமாகத் திறக்க வேண்டிய நாள் ஜூன் 12. அந்தத் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேரும்வரை குறுவை நாற்றங்காலைக் காப்பாற்றுவது போர் மோட்டார்தான். அந்த நேரம் பார்த்துத்தான் அதன் காயில் எரியும். கம்பெனி ஆள் வந்து பார்த்துவிட்டு, "வோல்டேஜ் பிரச்சனைங்கண்ணே, வாரண்டியில வராது" என்பார். "சரி தம்பி, மன்னார்குடியில குடுத்து காயில் கட்டிக்கிறேன்" என்றால், "வெளியில பிரிச்சா மிச்ச வாரண்டியும் போயிடும்ணே" என்பார். பிரித்தால் ஒரு நஷ்டம், காத்திருந்தால் இன்னொரு நஷ்டம். செல்போன், ஏசி, டிராக்டர், தையல் மிஷின் எல்லாவற்றிலும் இதே கதைதான்.

இந்த இடத்தில் சட்டம் வாங்கியவர் பக்கம் கொஞ்சம் அதிகமாகவே நிற்கிறது. ஆனால் கையில் பேப்பர் இருந்தால்தான் நிற்கும். ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுப்பதற்கு முன் என்னென்ன எழுதி வாங்க வேண்டும், பிறகு எந்த வாசலில் போய் நிற்க வேண்டும் என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

சட்டம் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை

'ரைட் டு ரிப்பேர்' என்ற பெயரில் இந்தியாவில் தனிச் சட்டம் இன்னும் வரவில்லை. "ரைட் டு ரிப்பேர் சட்டப்படி" என்று நோட்டீஸ் எழுதினால் கம்பெனியின் வக்கீலுக்கு முதல் வரியிலேயே பிடி கிடைத்துவிடும். இதுவரை நடந்தது இவ்வளவுதான்: 2022 ஜூலையில் ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை ஒரு குழு அமைத்து நான்கு துறைகளை எடுத்துக்கொண்டது. வேளாண் கருவிகள், செல்போனும் டேப்லெட்டும், வீட்டு உபயோகப் பொருள்கள், வாகனங்கள். அதே ஆண்டு டிசம்பர் 24-ல் 'ரைட் டு ரிப்பேர் இந்தியா' என்ற அரசு இணையதளம் வந்தது. கம்பெனிவாரியாக சர்வீஸ் விவரம், வாரண்டி நிபந்தனை, உதிரிபாகத் தகவல் அதில் கிடைக்கும். ஒரு பொருளை எவ்வளவு எளிதாகச் சரிசெய்யலாம் என்று மதிப்பெண் போடும் குறியீட்டுக்கான குழு 2025 மே மாதம் அறிக்கை கொடுத்தது. இவற்றில் எதை வைத்தும் கம்பெனிமேல் நேரடியாக வழக்குப் போட முடியாது. ஆனால் அந்த இணையதளத்தில் கம்பெனி தானே போட்டிருக்கும் வாரண்டி நிபந்தனையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தால் அது நல்ல சாட்சி. தேதி தெரியும்படி எடுங்கள்.

வழக்குக்கு உயிர் கொடுப்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019. 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. ரிப்பேர் விஷயத்தில் அதன் 2-ஆம் பிரிவிலுள்ள சில விளக்கங்கள்தான் ஆயுதம். 2(10) பொருளின் குறைபாட்டைச் சொல்கிறது. 2(11) சேவைக் குறைபாட்டைச் சொல்கிறது; வாங்கியவருக்குத் தெரிவிக்க வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் இதில் சேரும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 'என்ன கோளாறு என்று சொல்ல மாட்டோம், மொத்த போர்டையும் மாற்று' என்பவர்களுக்கு இந்த வரி பொருந்தும். 2(41) ஒன்றை வாங்க இன்னொன்றை வாங்கியே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதைப் பற்றியது. 2(47) முறையற்ற வணிக நடைமுறை: நிறைவேற்ற வாய்ப்பே இல்லாத வாரண்டி வாக்குறுதி, பில் தர மறுப்பது, குறைபாடுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது எல்லாம் இங்கே வரும். பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால் திரும்ப எடுத்துப் பணம் தர 30 நாள் என்று சட்டமே சொல்கிறது. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று பில்லின் அடியில் அச்சடித்திருக்கும் வரியைப் பார்த்து, குறைபாடுள்ள பொருளோடு பேசாமல் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதில்லை.

வாரண்டி சீலை உடைத்தால் வாரண்டி போய்விடும் என்ற நிபந்தனையை நேரடியாகத் தடை செய்யும் சட்டப்பிரிவு நம்மிடம் இல்லை. இருப்பதில் வலுவானது இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25-ல் 14 கார் கம்பெனிகள்மேல் போட்ட உத்தரவு. உதிரிபாகத்தையும் கோளாறு கண்டறியும் கருவியையும் வெளிச் சந்தையில் கிடைக்கவிடாமல் வைத்தது தவறு என்றது. வெளி மெக்கானிக்கிடம் போனாலே வாரண்டி ரத்து என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லக்கூடாது; அந்த மெக்கானிக்கின் தவறான வேலையால் சேதம் வந்தால் அந்த அளவுக்கு மட்டும் மறுக்கலாம் என்றும் சொன்னது. அபராதத் தொகைமேல் பிறகு மேல்முறையீடுகள் நடந்தன. அந்த உத்தரவு கார்களைப் பற்றியது, மோட்டாரையும் போனையும் அப்படியே கட்டுப்படுத்தாது. ஆனால் அதன் தர்க்கத்தை நோட்டீஸில் எடுத்து வைக்கலாம்: எந்தப் பாகத்தைத் தொட்டோமோ அதற்கும் இப்போது வந்த கோளாறுக்கும் என்ன தொடர்பு என்று கம்பெனி காட்டட்டும்.

விவசாயி நுகர்வோரா?

எதிர்தரப்பு முதலில் வீசும் கல் இதுதான்: "இவர் தொழிலுக்கு வாங்கினார், நுகர்வோர் இல்லை." 2(7)-இன் விளக்கத்தைப் படியுங்கள். சுயதொழில் மூலம் பிழைப்புக்காக மட்டும் தானே வாங்கிப் பயன்படுத்தினால் அது வணிக நோக்கம் ஆகாது. இதன் அடிப்படையை உச்ச நீதிமன்றம் 1995-லேயே, கோயம்புத்தூர் பிஎஸ்ஜி நிறுவனம் சம்பந்தப்பட்ட லட்சுமி இன்ஜினியரிங் வழக்கில் விளக்கியது. 2012-ல் நேஷனல் சீட்ஸ் கார்ப்பரேஷன் வழக்கில் விதை வாங்கிய விவசாயிகளை நுகர்வோர் என்றது.

ஆகவே சொந்த நிலத்துக்கான போர் மோட்டார், பவர் டில்லர், தானே ஓட்டும் டிராக்டர், வீட்டில் தைப்பவரின் மிஷின் எல்லாம் உள்ளே வரும். ஐந்தாறு அறுப்பு மிஷின் வாங்கி ஆள் வைத்து வாடகைக்கு விடுபவரும், கூலியாட்களோடு ரைஸ்மில் நடத்துபவரும் சிக்கலில் மாட்டுவார்கள். சொந்த நிலத்தையும் உழுது, அக்கம்பக்கத்தில் வாடகைக்கும் ஓட்டுபவர் நடுவில் இருக்கிறார். அவர் புகாரின் இரண்டாவது பத்தியிலேயே "குடும்பப் பிழைப்புக்காக நானே ஓட்டுகிறேன், வேறு தொழில் இல்லை" என்று எழுதி, சிட்டா அடங்கலையும் ஓட்டுநர் உரிமத்தையும் இணைக்க வேண்டும். இந்த ஒரு வரி இல்லாமல் தள்ளுபடியான புகார்கள் நிறைய.

வாங்கும் நாளன்று

"பில் வேணாம்னா குறைச்சுத் தர்றேன்" என்ற பேச்சுக்கு இணங்காதீர்கள். அன்று மிச்சமாகும் ஜிஎஸ்டி பணத்துக்கு வாரண்டி முழுவதையும் கொடுக்கிறீர்கள். பில்லில் உங்கள் பெயர், மாடல், சீரியல் நம்பர் மூன்றும் இருக்க வேண்டும். வாரண்டி கார்டில் கடை முத்திரையும் தேதியும் வேண்டும். வெப்பக் காகிதத்தில் அடித்த பில் ஓர் ஆண்டில் வெளுத்துவிடும். அன்றே நகல் எடுங்கள்.

கார்டில் தேட வேண்டியது எத்தனை வருடம் என்பதை அல்ல, எது சேராது என்பதை. மோட்டார் என்றால் 'சிங்கிள் பேஸ் தடுப்பான் (மூன்று பேஸில் ஒன்று நின்றால் மோட்டாரை நிறுத்திவிடும் கருவி) பொருத்தாவிட்டால் வாரண்டி இல்லை' என்ற வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் வாங்கும்போதே அதையும் வாங்கி, அதன் பில்லையும் சேர்த்து வையுங்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் ஏசி வாங்குபவர்கள் உப்புக்காற்று அரிப்பு பற்றிய வரியைப் பார்க்க வேண்டும். வெளி யூனிட்டின் தகடு உதிர்ந்துபோனால் 'துரு வாரண்டியில் சேராது' என்று சொல்வது அங்கே வழக்கமான பதில். கடலோரத்துக்கு ஏற்ற பூச்சு உள்ள மாடலா என்று கேட்டு, பதிலை பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

வாரண்டி காலத்தில் கெட்டால்: மோட்டாரை உதாரணமாக எடுப்போம்

முதலில் புகார் எண் வாங்குங்கள். கடைக்காரரிடம் வாயால் சொன்னது புகார் ஆகாது. கம்பெனியின் எண்ணில் பதிந்து, குறுஞ்செய்தியில் வரும் எண்ணைப் பத்திரப்படுத்துங்கள்.

ஆள் வருவதற்குள் போட்டோ எடுக்க வேண்டியவை: நேம் பிளேட், பேனல் போர்டின் உட்புறம், ஓவர்லோடு ரிலே எத்தனை ஆம்பியரில் வைக்கப்பட்டிருக்கிறது, வோல்ட் மீட்டரின் முள். ரிலே அளவு நேம் பிளேட்டிலுள்ள ஆம்பியருக்கு மேல் இருந்தால் அது உங்கள் தரப்புக்குப் பாதகம். அதைத் திருத்திவிட்டுப் போட்டோ எடுக்காதீர்கள்; எரிந்த மோட்டாரே உண்மையைச் சொல்லிவிடும்.

மோட்டாரைக் குற்றம் சொல்வதற்கு முன் கேபிளைப் பாருங்கள். சப்மெர்சிபிளில் காயில் போய்விட்டது என்று தூக்கிவரும் பல மோட்டார்களில் கெட்டது கேபிள் ஜாயின்ட்தான். ஜாயின்ட்டை வெட்டி, மோட்டாரைத் தனியாகவும் கேபிளைத் தனியாகவும் 500 வோல்ட் மெக்கரில் (இன்சுலேஷன் சோதிக்கும் கருவி) பார்க்கச் சொல்லுங்கள். காயிலுக்கும் பாடிக்கும் இடையே 1 மெகாஓமுக்குக் கீழே காட்டினால் இன்சுலேஷன் போய்விட்டது. பிறகு மூன்று ஒயர்களை இரண்டிரண்டாகப் பிடித்து ஓம்ஸ் பார்த்தால் மூன்று அளவும் ஏறக்குறைய ஒன்றாக வர வேண்டும். ஒன்று மட்டும் விலகினால் அந்த பேஸில் கோளாறு. இந்த அளவுகளைத் தேதியோடு எழுதி, பார்த்தவரிடம் கையெழுத்து வாங்குங்கள்.

கம்பெனி ஆள் மோட்டாரைப் பிரிக்கும்போது பக்கத்தில் நின்று காயிலைப் படமெடுங்கள். இதுதான் வழக்கையே முடிவு செய்யும் படம். எரிந்த விதம் காரணத்தைச் சொல்லும். காயில்களை ஒன்றோடொன்று இணைக்கும் முறை இரண்டு: ஸ்டார், டெல்டா. ஸ்டார் இணைப்பில் இரண்டு பேஸ் கருகி ஒன்று சுத்தமாக இருந்தால், அல்லது டெல்டா இணைப்பில் ஒன்று கருகி இரண்டு சுத்தமாக இருந்தால், ஒரு பேஸ் கரண்ட் நின்றும் மோட்டார் ஓடியிருக்கிறது, சிங்கிள் பேஸ். மூன்றும் சீராகக் கருத்திருந்தால் லோ வோல்டேஜோ ஓவர்லோடோ. மற்றதெல்லாம் நன்றாக இருக்க ஒரே ஒரு இடத்தில், ஸ்லாட்டுக்குள்ளோ வளைவிலோ, புள்ளியாகக் கருகியிருந்தால் அங்கே இன்சுலேஷன் பலவீனமாக இருந்திருக்கலாம். தயாரிப்புக் குறை என்று வாதாட இடம் இருக்கிறது. புஷ் (சுழலும் தண்டைத் தாங்கும் வளையம்) உருகியோ தேய்ந்தோ இருந்தால் தண்ணீர் இல்லாமல் ஓடியதா என்ற கேள்வி வரும். ஒன்றும் பார்க்காமல் 'வோல்டேஜ்' என்று ஒரே சொல்லில் எழுதும் ஜாப் கார்டை, அதாவது கம்பெனி ஆள் எழுதித் தரும் சர்வீஸ் சீட்டை, இந்தப் படம் உடைத்துவிடும். உண்மையிலேயே சிங்கிள் பேஸில் எரிந்திருந்தால் கம்பெனியோடு மல்லுக்கு நிற்பது வீண். தடுப்பானை மாற்றிக் காயில் கட்டுவதே லாபம்.

ஜாப் கார்டில் கையெழுத்துப் போடும்முன் படியுங்கள். 'வாடிக்கையாளர் தவறான பயன்பாடு' என்று எழுதியிருந்தால் அதன் பக்கத்திலேயே "இதை ஏற்கவில்லை, அளவு எதுவும் எடுக்கப்படவில்லை" என்று தமிழில் எழுதிக் கையெழுத்திடுங்கள். நகல் தர மறுத்தால் போனில் படமெடுத்து, அன்றே கம்பெனி மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடுங்கள்.

நாற்று காய்கிறது, காத்திருக்க முடியாது என்ற நிலை வந்தால் வழி இது: "தண்ணீர் இல்லாமல் பயிர் கருகுகிறது. 48 மணி நேரத்துக்குள் ஆள் அனுப்பாவிட்டால் வெளியில் சரிசெய்து செலவைக் கேட்பேன், எரிந்த பாகங்களைப் பாதுகாத்து வைப்பேன்" என்று மின்னஞ்சலும் வாட்ஸ்அப்பும் அனுப்புங்கள். 48 மணி நேரம் சட்டம் சொன்ன கெடு இல்லை, நியாயமான அவகாசம் கொடுத்ததற்கான அடையாளம். அதற்குப் பிறகு பிரித்தால், ஏன் பிரித்தீர்கள் என்ற கேள்விக்குப் பதில் கையில் இருக்கும். கருகிய காயிலைப் பழைய செம்புக்கு எடைபோட்டு விற்றுவிடாதீர்கள். சாக்கில் கட்டி, தேதிச் சீட்டு ஒட்டி வையுங்கள்.

வாரண்டி முடிந்த பிறகு

இங்கே எந்தக் கட்டுப்பாடும் இல்லை. உங்கள் பொருளை நீங்களோ தெருமுனை மெக்கானிக்கோ பிரிப்பதைத் தடுக்க எந்தச் சட்டமும் இல்லை. தடை இருப்பதெல்லாம் உதிரிபாகத்திலும் பூட்டிலும்.

பாகத்தைக் கேட்கும்போது பெயரைச் சொல்லாமல் பார்ட் நம்பரைச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். 'கிடைக்காது' என்ற பதிலும் எழுத்தில் வரட்டும். பாக்கெட்டில் விற்கும் உதிரிபாகத்தில் தயாரிப்பாளர் முகவரி, அதிகபட்ச சில்லறை விலை, புகார் தொடர்பு இருக்க வேண்டும் என்பது 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதி. விலை ஒட்டாத பாகத்துக்கு மனம்போன விலை சொன்னால் அது தொழிலாளர் துறையின் எடையளவு ஆய்வாளரிடம் போக வேண்டிய விஷயம்.

உள்ளூர் கடையிலும் பேப்பர் வேண்டும். மெக்கானிக் அண்ணன் தெரிந்தவர் என்பதால் யாரும் கேட்பதில்லை, பிறகு முகத்தை முறித்துக்கொள்வார்கள். ஒரு துண்டுச் சீட்டில் மதிப்பீடு, மாற்றும் பாகம் புதிதா பழையதா, எத்தனை நாள் பொறுப்பு, இவ்வளவு போதும். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். காசு வாங்கிச் செய்யும் வேலை என்பதால் அவரும் இதே சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்தான்.

காயில் கட்டும்போது கவனிக்க வேண்டியவை சில. பழைய ஒயரின் கேஜும் சுற்று எண்ணிக்கையும் குறித்துவைத்து, அதே அளவில் கட்டச் சொல்லுங்கள். மெலிந்த ஒயர் போட்டால் மோட்டார் ஓடும், ஆனால் சூடேறும். தண்ணீர் நிரப்பும் வகை மோட்டாரை இறக்கும்முன் நல்ல தண்ணீர் நிரப்பிக் காற்றை வெளியேற்ற வேண்டும். மறந்தால் முதல் நாளே புஷ் போய்விடும். இறக்கிய பிறகு தண்ணீர் குறைவாக வந்தால் பம்பைச் சந்தேகிக்கும்முன் இரண்டு பேஸை மாற்றிப் பாருங்கள். மாறிச் சுற்றினாலும் கொஞ்சம் தண்ணீர் வரும் என்பதால் பலர் ஏமாறுகிறார்கள்.

இன்வெர்ட்டர் ஏசி, ஃப்ரிட்ஜ், வாஷிங் மிஷினில் 'போர்டு போச்சு' என்பது பொதுவான தீர்ப்பு. மின்னழுத்தம் எகிறியபோது போர்டைக் காக்கத் தன்னைப் பலிகொடுக்கும் சிறிய பாகமும் ஃப்யூஸும் மட்டும் போயிருக்கலாம். கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சியில் போர்டில் பாகம் பாகமாகச் சோதித்துச் சரிசெய்பவர்கள் இருக்கிறார்கள்; முழு போர்டு வாங்கும்முன் அவர்களிடம் காட்டுங்கள். ஆனால் புதிய ஏசி பலவற்றில் இருக்கும் ஆர்32, சில ஏசிகளிலும் ஃப்ரிட்ஜ்களிலும் உள்ள ஹைட்ரோகார்பன் வாயுக்கள் தீப்பற்றக்கூடியவை. மைக்ரோவேவின் உயர் அழுத்த கெபாசிட்டர் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உயிரை எடுக்கும். உப்பிய லித்தியம் பேட்டரியைக் குத்தினால் எரியும். இந்த மூன்றையும் வீட்டில் தொடாதீர்கள்.

செல்போன் கொடுக்கும்முன் *#06# அடித்து ஐஎம்இஐ எண்ணைக் குறித்து, தரவை நகலெடுத்து, சிம்மைக் கழற்றிவிடுங்கள். சில மாடல்களில் திரையோ பேட்டரியோ மாற்றினால், பாகம் அசலாக இருந்தும்கூட, 'அறியப்படாத பாகம்' என்று போன் எச்சரிக்கும். போர்டோடு பாகத்தை மென்பொருளில் இணைத்து வைத்திருப்பதுதான் காரணம். மாற்றும்முன் இதைக் கேட்டுவிடுங்கள். நம்பிக் கொடுத்த தனிப்பட்ட தகவலைக் கடைக்காரர் வெளியில் விட்டால் அதுவும் 2(47)-இன்படி முறையற்ற வணிகம்தான்.

டிராக்டரில் கோடு தெளிவாக இருக்கிறது. 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்டவற்றுக்கு 2023 ஜனவரி 1 முதல் புதிய புகை விதி வந்தது. அதற்கேற்ப வந்த இன்ஜின்களில் சென்சாரும் கட்டுப்பாட்டுக் கணினியும் உண்டு. கம்பெனி ஸ்கேனர் இல்லாமல் கோளாறு எண்ணைப் படிப்பது கடினம். 50 குதிரைத்திறனுக்குக் கீழே உள்ளவை பெரும்பாலும் பழைய பம்ப், நாசில் முறைதான். லாத் பட்டறையே போதும். சம்பா அறுவடையில் வயலுக்கு நடுவே நின்றுபோனால் யார் வந்து சரிசெய்வார், எத்தனை நாளில் என்பதைப் பெரிய வண்டி வாங்கும் முன் டீலரிடம் எழுதி வாங்குங்கள்.

மறுத்தால் ஏற வேண்டிய படிகள்

முதல் படி, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம். வாட்ஸ்அப் எண் 8800001915. இது தீர்ப்புச் சொல்லாது, கம்பெனிக்குப் புகாரை அனுப்பிப் பதில் வாங்கும். பெரிய கம்பெனிகள் பல இந்தக் கட்டத்திலேயே இறங்கிவருகின்றன. வராவிட்டாலும் அந்தப் புகார் எண் உங்களுக்கு ஓர் ஆவணம்.

அடுத்தது நோட்டீஸ். வக்கீல் கட்டாயமில்லை. வெள்ளைத் தாளில் இப்படி எழுதலாம்:

"ஐயா, ______ தேதியில் ______ கடையில், பில் எண் ______ படி, ______ மாடல், சீரியல் எண் ______ கொண்ட பொருளை ரூ. ______-க்கு வாங்கினேன். ______ தேதியில் பழுதானது. புகார் எண் ______. ______ தேதியிட்ட ஜாப் கார்டில் வாரண்டி மறுக்கப்பட்டது; அதற்கு அடிப்படையான சோதனை அளவு எதுவும் தரப்படவில்லை. இது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 2(10), 2(11), 2(47)-இன்படி குறைபாடும் முறையற்ற வணிக நடைமுறையும் ஆகும். இது கிடைத்த 15 நாளுக்குள் இலவசமாகச் சரிசெய்து தரவும், அல்லது மாற்றித் தரவும், அல்லது விலையைத் திருப்பித் தரவும் கோருகிறேன். தவறினால் மாவட்ட ஆணையத்தை அணுகுவேன்."

கடை, சர்வீஸ் சென்டர், தயாரிப்பாளர் மூவருக்கும் தனித்தனியாக, வழங்கியதற்கான சான்று கிடைக்கும்படி அஞ்சலில் அனுப்புங்கள். கடைக்காரருக்கு மட்டும் அனுப்பினால் அவர் கம்பெனியைக் காட்டுவார். கம்பெனிக்கு மட்டும் அனுப்பினால் கம்பெனி அவரைக் காட்டும்.

மூன்றாவது, மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். பழைய சட்டத்தில் எதிர்தரப்பு இருக்கும் ஊரிலோ வழக்குக்கான காரணம் எழுந்த ஊரிலோதான் போட முடிந்தது. இப்போது பிரிவு 34-இன்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம். கம்பெனி கோயம்புத்தூரில் இருந்தாலும் குர்கானில் இருந்தாலும் திருவாரூர்க்காரர் திருவாரூரிலேயே போடலாம். கார்டின் அடியில் 'டெல்லி நீதிமன்றங்களுக்கு மட்டுமே அதிகாரம்' என்று அச்சடித்திருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். காரைக்கால் புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்தது என்பதால் அங்குள்ளவர்களுக்கு மட்டும் புதுச்சேரியின் ஏற்பாடு.

பொருளுக்குக் கொடுத்த விலை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400, 50 லட்சம் வரை 1,000. கணக்கில் வருவது நீங்கள் கொடுத்த விலை, கேட்கும் நஷ்டஈடு இல்லை. நேரில் தரலாம், நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்திலும் பதியலாம். புகார் மனு, பிரமாணப் பத்திரம், பில், வாரண்டி கார்டு, ஜாப் கார்டு, நோட்டீஸ், அஞ்சல் சான்று, படங்கள். எல்லாவற்றுக்கும் வரிசை எண் போட்டு, எதிர்தரப்பில் ஆளுக்கொரு செட்டும் ஆணையத்துக்குத் தனியாகவும் தயார் செய்யுங்கள். நீங்களே நின்று பேசலாம். வக்கீல் வேண்டும், கையில் பணமில்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கேளுங்கள், உதவி எண் 15100. பெண்களுக்கும் பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பார்க்காமலே அங்கே இலவச உதவி உண்டு.

கெடு 2 ஆண்டுகள், பிரிவு 69. இங்கேதான் அதிகம் பேர் வழுக்குகிறார்கள். "பார்க்கிறோம் சார், பார்ட் வருது சார்" என்று கம்பெனி இழுத்துக்கொண்டே போகும். அந்தக் கடிதப் போக்குவரத்தால் 2 ஆண்டு நீளாது. எழுத்தில் மறுத்த நாளிலிருந்து காலண்டரில் குறித்து வையுங்கள்.

எதிர்தரப்புக்குப் பதில் சொல்ல 30 நாள், மேலும் 15 நாள் வரை நீட்டிக்கலாம். சோதனை தேவையில்லாத வழக்கை 3 மாதத்திலும், தேவைப்படுவதை 5 மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்கிறது பிரிவு 38. நடைமுறையில் வாய்தா சேர்ந்து இதைவிடக் கூடும், அதற்குத் தயாராக இருங்கள். பொருளைச் சோதிக்காமல் குறையைச் சொல்ல முடியாது என்றால் ஆணையம் அதை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும். அதன் கட்டணத்தை முதலில் கட்டுவது நீங்கள்தான். சாக்கில் கட்டி வைத்த காயிலுக்கு இப்போதுதான் மதிப்பு. சின்னத் தொகை வழக்கில் அனுபவமுள்ள மெக்கானிக்கின் பிரமாணப் பத்திரமும், பாலிடெக்னிக் மின்துறை ஆசிரியரின் ஆய்வுக் குறிப்பும்கூட எடைபெறும்.

நஷ்டஈட்டை ஆகாயத்துக்குக் கேட்காதீர்கள். 30,000 ரூபாய் மோட்டாருக்கு 10 லட்சம் கேட்டால் நம்பகம்தான் குறையும். பொருள் விலை, வெளியில் சரிசெய்த செலவு, மோட்டார் வாடகைக்கு எடுத்த ரசீது, மன உளைச்சலுக்கு ஒரு நியாயமான தொகை, வழக்குச் செலவு. பயிர் இழப்பைக் கேட்பதாக இருந்தால் அடங்கலும் வேளாண் அலுவலரின் குறிப்பும் வேண்டும். வெறும் வாய்ச்சொல் நிற்காது. கார்டின் நிபந்தனையே அநியாயம், அதையே செல்லாதென்று அறிவிக்க வேண்டும் என்று கேட்டால் அந்த வழக்கு மாநில ஆணையத்துக்குப் போய்விடும். மாவட்டத்தில் இருக்க விரும்பினால் நிபந்தனையை விட்டுவிட்டுக் குறைபாட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

உத்தரவு வந்த பிறகு 45 நாளுக்குள் எதிர்தரப்பு மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் உத்தரவிட்ட தொகையில் பாதியைக் கட்டிவிட்டுத்தான். அதுவும் செய்யாமல் பணமும் தராமல் இருந்தால் பிரிவு 71-இல் நிறைவேற்றல் மனுவும், பிரிவு 72-இல் தண்டனை மனுவும் போடலாம். 72-இல் குறைந்தது ஒரு மாதம், அதிகபட்சம் 3 ஆண்டு சிறை, அல்லது 25,000 முதல் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இந்த மனுவின் நகல் கம்பெனியின் சட்டப் பிரிவுக்குப் போய்ச் சேர்ந்ததும் காசோலை கிளம்பிவருவதுதான் பெரும்பாலும் நடப்பது. காசோலையை வாங்கும்போது 'முழுத் தொகையும் பெற்றேன்' என்று கையெழுத்துக் கேட்பார்கள். வட்டியும் வழக்குச் செலவும் சேர்ந்திருக்கிறதா என்று கூட்டிப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.